கமலவேணி கொண்டுபோன எண்கள்

உப்பளம் என்கிற பகுதியில் எங்கள் தெருவின் கடைசி வீடு கமலவேணியுடையது. அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் லேப் டெக்னீஷியன். பதினோரு வருடமாக ஒப்பந்த ஊழியர். காலை ஆறு மணிக்கு அவர் ஸ்கூட்டியைக் கிளப்பும் சத்தம்தான் தெருவில் பாதி வீடுகளுக்கு அலாரம். அப்பா மில் தொழிலாளியாக இருந்தவர். மில் மூடிய வருடம் ப்ளஸ் டூ முடித்த கமலவேணி, காலேஜ் ஆசையை விட்டுவிட்டு இரண்டு வருட லேப் டிப்ளமோவில் சேர்ந்தார். "கோழி அறுக்குறதப் பாத்தாலே மயக்கம் போட்டு வுழுவேன். என்னைப் போயி ரத்தம் எடுக்கற படிப்புல சேத்தாங்க" என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

நாற்பத்து மூன்று வயது. கணவர் கண்ணையன் இரும்புக் கடையில் வேலை பார்க்கிறார். ஒரே மகள் சிந்துஜா. ஆஸ்பத்திரியில் கமலவேணிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அவர் கைதான். நரம்பு கிடைக்காத நோயாளி என்றால் டாக்டர்களே அவரைக் கூப்பிடுவார்கள். அவர் கண்ணால் தேட மாட்டார். ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு விரல் நுனியால் தடவுவார். ஊசி உள்ளே போனது தெரியாமலே நிறைய பேர் "எப்பம்மா குத்துவ?" என்று கேட்டிருக்கிறார்கள்.

இந்தக் கதை 2021 மே மாதத்தில் நடந்தது. கொரோனாவின் இரண்டாவது அலை ஊரைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தது. வார்டுக்குள் வீட்டு ஆட்கள் யாரையும் விடுவதில்லை. டாக்டரும் நர்ஸும் தலை முதல் கால் வரை கவச உடையில் வந்து போனார்கள். யார் யாரென்று தெரியாது. அதனால் கமலவேணி தன் உடையின் முன்பக்கம் மார்க்கர் பேனாவால் 'கமலவேணி, லேப்' என்று பெரிதாக எழுதிக்கொள்வார். காலை ஆறரைக்கு முதல் மாடி ஆண்கள் வார்டு, ஏழரைக்கு இரண்டாவது மாடி பெண்கள் வார்டு, கடைசியாக மூன்றாவது மாடி ஐ.சி.யூ. ஒரு ஆளுக்கு மூன்று குப்பி ரத்தம். ஊதா மூடி, நீல மூடி, மஞ்சள் மூடி.

அந்த மாதம் பதினொன்றாம் தேதி ஆண்கள் வார்டில் பதினான்காம் கட்டிலுக்குப் புதிதாக ஒருவர் வந்திருந்தார். சாமிக்கண்ணு, அறுபத்து மூன்று வயது, அரியாங்குப்பம். உப்பளத்தில் ஓர் ஆபீஸில் வாட்ச்மேன். மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருந்தது. கையை நீட்டிக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, நீ மேல பொம்பளைங்க வார்டுக்கும் போவியா?"

"போவேன்யா."

"அங்க செல்வாம்பாள்னு ஒருத்தி இருப்பா. என் வீட்டுக்காரி. அவளுக்கு எப்படி இருக்குன்னு பாத்து சொல்றியா?"

"உங்ககிட்ட போன் இருக்குல்ல. கூப்பிட்டுப் பேசுங்களேன்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நாங்க பேசறது இல்ல" என்றார்.

மாடி ஏறிப் போய்ப் பார்த்தால் இருபத்தொன்றாம் கட்டிலில் செல்வாம்பாள். ஐம்பத்தெட்டு வயது. காய்ச்சல் கண்களோடு எழுந்து உட்கார்ந்திருந்தார். கீழே உங்கள் வீட்டுக்காரர் விசாரித்தார் என்றதும், "நான் ஒண்ணும் விசாரிக்கச் சொல்லலியே" என்றார். ரத்தம் எடுத்து முடித்துப் பஞ்சை அழுத்தும்போது, வேறு பக்கம் பார்த்தபடி, "அந்த ஆளுக்கு மூச்சு எப்படி இருக்கு?" என்றார்.

ஏழு வருடமாக இருவரும் பேசிக்கொள்வதில்லை. ஒரே வீடு. ஒரே அடுப்பு. சாப்பாடு தயாரானால் செல்வாம்பாள் வாசலைப் பார்த்து, "சோறு வெச்சிருக்கு" என்பார். வாசலில் யாரும் இருக்க மாட்டார்கள். சாமிக்கண்ணு எழுந்து போய்ச் சாப்பிடுவார். அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஓசூரில் வேலை பார்க்கும் மகன் நிலவனுக்குப் போன் போடுவார். "உங்கம்மாகிட்ட சொல்லு, நாளைக்கு ரேஷன்ல அரிசி போடறாங்களாம்." அம்மா இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருப்பார். இந்த மே மாதம் இருவருக்கும் ஒன்றாகக் காய்ச்சல் வந்தது. அப்போதும் நிலவனுக்குத்தான் தனித்தனியாகப் போன் செய்தார்கள். அவன்தான் ஆம்புலன்ஸுக்குச் சொன்னான். ஒரே ஆம்புலன்ஸில் எதிரெதிரே உட்கார்ந்து, வாய் திறக்காமல் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

மறுநாள் சாமிக்கண்ணு காரணத்தைச் சொன்னார். மாடுதான் காரணம். செல்வாம்பாள் கன்றிலிருந்து வளர்த்த கறவை மாடு ஒன்று இருந்தது. விடியற்காலையில் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுவார். ஒரு தடவை புல்லுக்கட்டோடு கால் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு விலகிவிட்டது. இனி சுமை தூக்கினால் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் சாமிக்கண்ணுவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். செல்வாம்பாள் அண்ணன் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்த இரண்டு நாளில் இவர் மாட்டை விற்றுவிட்டார்.

"சொல்லிட்டு வித்திருக்கலாமே" என்றார் கமலவேணி.

"சொன்னா வுடுவாளா? அவ சாவற வரைக்கும் புல்லு தூக்குவா. அதான் சொல்லாம வித்துட்டேன். வந்து கட்டுத்தறியைப் பாத்தா. ஒரு வார்த்தை கேக்கல. அன்னிக்கு மூடுன வாய்தான்." மூச்சு வாங்கியதால் சற்று நிறுத்தினார். "டாக்டர் சொன்னது அவளுக்குத் தெரியாது. நீயும் சொல்லாத."

அன்று மதியம் ரிப்போர்ட் வந்தது. செல்வாம்பாளுக்கு லிம்போசைட் பதினெட்டு. சி.ஆர்.பி. நாற்பத்தெட்டு. சாமிக்கண்ணுவுக்குப் பதினான்கும் எழுபத்திரண்டும். ரிப்போர்ட்டை நோயாளிக்குச் சொல்வது டாக்டரின் வேலை. ஆனால் அந்த மாதத்தில் ஒரு டாக்டருக்கு எண்பது நோயாளிகள். கேட்டவர்களுக்குக் கமலவேணி சொல்லிவிடுவார்.

"அது என்னாம்மா, லிம்போ?" என்றார் செல்வாம்பாள்.

"வெள்ளை அணுன்னு கேள்விப்பட்டிருப்பீங்கள்ல? அதுல ஒரு வகைம்மா. வைரஸோட மல்லுக்கட்டறது அதுதான். நூத்துக்கு இருபதுக்கு மேல இருக்கணும். இந்தக் காய்ச்சல் கடுமையாச்சுன்னா அது கொறைஞ்சிக்கினே போவும்."

"இன்னொன்னு?"

"சி.ஆர்.பி. உள்ள எவ்ளோ அழற்சி இருக்குன்னு காட்டும். புண்ணு வீங்கற மாதிரி நுரையீரல் வீங்கியிருக்குன்னா இது ஏறும். ஆறுக்குள்ள இருந்தா நல்லது."

செல்வாம்பாள் கொஞ்சம் யோசித்தார். "சொசைட்டில பாலுக்கு டிகிரி பாப்பாங்க. பால் எப்படி இருக்குன்னு கண்ணுக்குத் தெரியாது, அளவுக் குழாயை வுட்டாத்தான் தெரியும். அந்த மாதிரியா?"

"அதே மாதிரிதாம்மா."

"அப்படின்னா அவருக்கு ஒண்ணு கூடணும், ஒண்ணு கொறையணும்."

"ஆமாம்மா. உங்களுக்கும்தான்."

"என்னுது கெடக்கட்டும்" என்றார் செல்வாம்பாள்.

அன்றிலிருந்து தினமும் இது நடந்தது. கீழே திருப்பிக்கொண்ட ஒரு முகம், மேலே திருப்பிக்கொண்ட ஒரு முகம். இருவரும் தங்களுடைய எண்ணைக் கேட்கவில்லை, அடுத்தவருடையதைத்தான் கேட்டார்கள். கமலவேணிக்கு இதில் ஒரு சந்தோஷம் வந்துவிட்டது. அந்த வார்டுகளில் அவருக்குச் சந்தோஷப்பட வேறு எதுவும் இருக்கவில்லை. வீட்டில் அவர் மாடி அறையில் தனியாகப் படுத்தார். சிந்துஜா சாப்பாட்டுத் தட்டைப் படிக்கட்டில் வைத்துவிட்டுப் போவாள். மகளைத் தொட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

பதினான்காம் தேதி மதியம் சாமிக்கண்ணுவின் ரிப்போர்ட்டைப் பார்த்த லேப் சீனியர் இராமதாஸ், "இந்தப் பேஷன்ட் போறாப்ல தெரியுதே" என்று உதட்டைப் பிதுக்கினார். லிம்போசைட் ஒன்பதாகக் குறைந்திருந்தது. சி.ஆர்.பி. நூற்று முப்பத்தொன்று. ரத்தம் உறைவதைக் காட்டும் டி-டைமரும் ஐந்நூறுக்குள் இருக்க வேண்டியது ஆயிரத்து நூறைத் தாண்டியிருந்தது. ஆளைப் பார்த்தால் இன்னும் பேசிக்கொண்டு, டீ கேட்டுக்கொண்டுதான் இருந்தார். உடம்பு காட்டுவதற்கு முன்பே ரத்தம் காட்டிவிடும் என்பது இத்தனை மாதத்தில் கமலவேணிக்குத் தெரிந்துபோயிருந்தது.

கமலவேணி ரிப்போர்ட்டை உடனே டாக்டர் மதிவாணனுக்கு அனுப்பினார். அதில் எந்தக் குறையும் வைக்கவில்லை. ஆனால் மறுநாள் காலை பெண்கள் வார்டில் செல்வாம்பாள் வழக்கம்போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டபோது, கமலவேணியின் வாயில் வேறு எண் வந்தது.

"கொறைஞ்சிருக்கும்மா. அறுபது."

"அப்படியா?" செல்வாம்பாளின் முகம் அப்போதுதான் முதல்முறையாக இவர் பக்கம் திரும்பியது. "அறுபதா? எழுபத்திரண்டுலேர்ந்து அறுபதா?"

"ஆமாம்மா."

"லிம்போ?"

"பதினாறு."

செல்வாம்பாள் அன்று இட்லி இரண்டையும் சாப்பிட்டார் என்று நர்ஸ் சொன்னார். அதைக் கேட்டுத் தான் செய்தது சரிதான் என்று கமலவேணி நினைத்துக்கொண்டார்.

அன்று மதியமே சாமிக்கண்ணுவுக்கு மூச்சு திணறி, மூன்றாவது மாடி ஐ.சி.யூ.வுக்கு மாற்றினார்கள். மாலை ரவுண்ட்ஸில் டாக்டர் மதிவாணன் செல்வாம்பாளின் கட்டிலருகே நின்று, "உங்க வீட்டுக்காரரை மேல மாத்தியிருக்கோம்மா. நேத்து ரத்தப் பரிசோதனையிலேயே ஏறியிருந்துச்சு, மருந்தைக் கூட்டியிருக்கோம், பாப்போம்" என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை கமலவேணி இருபத்தொன்றாம் கட்டிலுக்குப் போனபோது செல்வாம்பாள் இரண்டு கையையும் போர்வைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"கையைக் குடுங்கம்மா."

"தர மாட்டேன்."

"ஏம்மா?"

"நேத்து அறுபதுன்னியே."

கமலவேணி கையிலிருந்த ரப்பர் பட்டையைத் தட்டில் வைத்தார்.

"முந்தாநாளே ஏறியிருந்துச்சுன்னு டாக்டர் சொல்றாரு. உனக்கும் தெரியும். தெரிஞ்சிக்கினே என் மூஞ்சியப் பாத்து அறுபதுன்ன. நான் இட்லி தின்னுக்கினு சந்தோசமா படுத்திருந்தேன். அந்த ஆளு அங்க மூச்சுக்கு அல்லாடிக்கினு கெடந்திருக்கு."

"நீங்க பயந்துடுவீங்கன்னுதாம்மா..."

"பயந்தா பயந்துட்டுப் போறேன்! அது என் பயம்!" பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செல்வாம்பாளுக்கு இருமல் வந்துவிட்டது. அடங்கியதும் குரலைத் தாழ்த்தினார். "உனக்கும் அந்த ஆளுக்கும் வித்தியாசமே இல்ல. ரெண்டு பேரும் எனக்கு நல்லது பண்றீங்க. என்னை ஒரு வார்த்தை கேக்காம பண்றீங்க."

அதற்கு மேல் கமலவேணியால் வாயை அடக்க முடியவில்லை. "அம்மா, அவர் மாட்டை வித்தது உங்க இடுப்புக்காகத்தான். டாக்டர் அவர்கிட்ட தனியா சொன்னாராம். உங்களுக்குத் தெரியாதுன்னு சொன்னாரு" என்று சொல்லிவிட்டார்.

"எனக்குத் தெரியாதா?" என்றார் செல்வாம்பாள். "அடுத்த மாசமே நான் அந்த டாக்டர்கிட்ட மாத்திரை வாங்கப் போனேன். அவரே சொன்னாரு. எனக்காகத்தான் வித்தாருன்னு அன்னியிலேர்ந்தே தெரியும். கேட்டிருந்தா நானே கயித்த அவுத்துக் குடுத்திருப்பேன். அழுதிருப்பேன், திட்டியிருப்பேன், அப்புறம் குடுத்திருப்பேன். என்னோட மாடு போவும்போது அது மூஞ்சியத் தடவி அனுப்பியிருப்பேன். கேக்கலியே!"

கமலவேணி கவசக் கண்ணாடிக்குள் வேர்வையா கண்ணீரா என்று தெரியாமல் நின்றார். இரண்டு கையுறை போட்ட கையால் கண்ணைத் துடைக்கவும் முடியாது. பிறகு, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

போன வருடம், முதல் அலையில், நாற்பத்தைந்து வயது லாரி டிரைவர் ஒருவர் அதே வார்டில் இருந்தார். தினமும் கேலி பேசுவார். ஒருநாள் அவர் கேட்டதற்கு, "லிம்போசைட் அஞ்சுதான்ணே இருக்கு, ரொம்பக் கொறைஞ்சிருக்கு" என்று கமலவேணி சொல்லிவிட்டார். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அன்று சாப்பாட்டைத் தொடவில்லை. மறுநாள் காலை அந்தக் கட்டிலில் புதிய விரிப்பு போட்டிருந்தது.

"நான் சொன்னதாலதான் செத்தாருன்னு எனக்குள்ள இருந்துக்கினே இருக்கும்மா. அதுலேர்ந்து நம்பர் மோசமா இருந்தா என் வாயி சொல்ல மாட்டேங்குது."

செல்வாம்பாள் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். கவச உடைக்குள் கண்கள் மட்டும்தான் தெரியும். அந்தக் கண்களைத்தான் பார்த்தார்.

"நீ சொல்லலன்னா பொழைச்சிருப்பாரா அவரு?"

"தெரியலம்மா."

"பொழைச்சிருக்க மாட்டாரு. அஞ்சுன்னு நீயா ஆக்குன? அது முன்னாடியே அஞ்சு." போர்வையிலிருந்து கையை வெளியே எடுத்து நீட்டினார். "எடு. ஆனா இனிமே எங்கிட்ட ஒண்ணு கூட்டி ஒண்ணு கொறைச்சு சொன்னா இந்தக் கையப் பாக்க மாட்ட."

அன்று கமலவேணியின் விரலுக்கு நரம்பு அகப்படவில்லை. இரண்டு தடவை குத்த வேண்டியதாயிற்று. செல்வாம்பாள் முகம் சுளிக்கவில்லை.

ஐ.சி.யூ.வில் வேறு ஒரு தொல்லை காத்திருந்தது. சாமிக்கண்ணு முகத்தில் இறுக்கிக் கட்டியிருந்த ஆக்சிஜன் மாஸ்க்கைக் கழற்றிக் கழற்றி எறிந்தார். கழற்றினால் ஐந்து நிமிடத்தில் ஆக்சிஜன் அளவு எண்பதுக்குக் கீழே இறங்கிவிடும். தொண்ணூறுக்கு மேல் நிற்க வேண்டியது. பாதி மயக்கத்தில் யார் சொல்வதும் அவர் காதில் ஏறவில்லை. கமலவேணி ரத்தம் எடுக்கப் போனபோது இரண்டு மணிக்கட்டையும் கட்டில் கம்பியோடு துணியால் தளர்வாகக் கட்டியிருந்தார்கள்.

"வேற வழியில்லக்கா" என்றார் நர்ஸ் பாக்கியலட்சுமி. அவருக்கும் அது பிடிக்கவில்லை. "பன்னெண்டு பேருக்கு நாங்க ரெண்டு பேரு. இவரு பக்கத்துலயே நிக்க முடியுமா? மாஸ்க்க இப்படியே கழட்டிக்கினு இருந்தா குழாய் போட்டு வென்டிலேட்டர்ல வைக்கணும்னு சார் சொல்றாரு."

கமலவேணி பாக்கியலட்சுமியிடம் அனுமதி கேட்டுத் தன் போனை எடுத்தார். பிளாஸ்டிக் உறையில் போட்டு வார்டுக்குள் வைத்திருக்கும் போன். ஒரு மாடி கீழே இருந்த செல்வாம்பாளைக் கூப்பிட்டு, நடப்பதை மறைக்காமல் சொன்னார். கையைக் கட்டியிருப்பதையும் சொன்னார். "நீங்க பேசினா கேப்பாரான்னு தெரியல. பேசறீங்களா? உங்களுக்கு இஷ்டம்னா மட்டும்" என்று கேட்டார்.

மறுமுனையில் ஒரு இருமல் கேட்டு அடங்கியது. துண்டித்துவிட்டாரோ என்று கமலவேணி திரையைப் பார்த்தார். இல்லை, நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"காதுல வை" என்றார் செல்வாம்பாள்.

ஸ்பீக்கரைப் போட்டுச் சாமிக்கண்ணுவின் காதருகே வைத்தார். இயந்திரங்களின் சத்தத்துக்கு நடுவே முதலில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு,

"இந்தாய்யா."

சாமிக்கண்ணுவின் இமை அசைந்தது.

"இந்தாய்யா, நான்தான். மூஞ்சில போட்டிருக்கறத ஏன் புடுங்குற? அவங்க உனக்கு நல்லதுக்குத்தான போட்டிருக்காங்க. உங்கிட்ட கேட்டுட்டுத்தான் போட்டாங்களா இல்லியா, அது எனக்குத் தெரியாது. இப்ப நான் கேக்கறேன். அத வெச்சிக்கினு இருப்பியா? எனக்காவ இருப்பியா?"

அவர் கண்ணைத் திறந்தார். போனைத் தேடினார். மாஸ்க்குக்குள் உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை.

"அம்மா, தலைய ஆட்டறாரு" என்றார் கமலவேணி.

"ஆட்டறாரா? சரி. கைய அவுத்து வுடச் சொல்லு. இனிமே கழட்ட மாட்டாரு."

பாக்கியலட்சுமி தயங்கி, ஒரு கையை மட்டும் அவிழ்த்தார். பத்து நிமிடம் பார்த்துவிட்டு இன்னொரு கையையும் அவிழ்த்தார். அதன் பிறகு காலையும் மாலையும் ஒரு போன். தினமும் அதே "இந்தாய்யா". அவர் அடியோடு மாஸ்க்கைக் கழற்றவில்லை என்று சொல்ல முடியாது. இரண்டு மூன்று தடவை கை போனது. ஆனால் துணி கட்ட வேண்டிய அவசியம் வரவில்லை. வென்டிலேட்டர் வரைக்கும் போகவில்லை.

எண்கள் உடனே நல்லவிதமாக மாறிவிடவில்லை. அடுத்த ஐந்து நாள் கமலவேணிக்குக் கடினமான நாட்கள். லிம்போசைட் ஏழு, பிறகு ஆறு, மறுபடி ஆறு. சி.ஆர்.பி. மட்டும் எண்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. அதை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். செல்வாம்பாளும் மகிழ்ந்திருப்பார்.

"சி.ஆர்.பி. எறங்கியிருக்கும்மா. ஆனா ஸ்டீராய்டு ஊசி போட்டா அது எப்படியும் கொஞ்சம் எறங்கும். அத மட்டும் வெச்சி ஒண்ணும் சொல்ல முடியாது. லிம்போ இன்னும் ஆறுலதான் நிக்குது. அது ஏறணும்."

"ஏறுமா?"

"தெரியலம்மா. சத்தியமா தெரியல."

செல்வாம்பாள் அழுதார். கமலவேணி அங்கேயே நின்றார். நகர்ந்து போகாமல் அங்கே நிற்பது, மோசமான எண்ணைச் சொல்வதைவிடச் சிரமமாக இருந்தது என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். ஆனால் செல்வாம்பாள் அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கஞ்சி கொண்டாரச் சொல்லு" என்றார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கவில்லை.

செல்வாம்பாளுக்குச் சுகமாகி இருபத்திரண்டாம் தேதி வீட்டுக்கு அனுப்பினார்கள். போக மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். கட்டிலுக்கு ஆட்கள் வெளியே ஆம்புலன்ஸில் காத்திருக்கிறார்கள் என்று சொன்னதும் எழுந்துவிட்டார். ஊரடங்கில் ஓசூரிலிருந்து இ-பாஸ் வாங்கி வந்த நிலவன் அம்மாவை அரியாங்குப்பம் அழைத்துப் போனான்.

வீட்டுக்குப் போன நோயாளிக்கு இன்னொருவரின் ரிப்போர்ட்டைப் போனில் சொல்லலாமா என்று கமலவேணி டாக்டர் மதிவாணனிடமே போய்க் கேட்டார். தான் ஒருநாள் பொய் சொன்னதையும் சேர்த்தே சொல்லிவிட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தார். இரண்டு மாதமாகச் சரியாகத் தூங்காத அந்த மனிதர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"சொல்லுங்க. ஆனா வெறும் நம்பரை மட்டும் சொல்லாதீங்க. ஆள் எப்படி இருக்கார்னும் சொல்லுங்க. நம்மளே சில நேரம் பேப்பரைப் பாத்துட்டு ஆளைப் பாக்காம போயிடறோம்" என்றார்.

அதனால் தினமும் மதியம் ஒரு போன். "இன்னிக்கு லிம்போ எட்டும்மா. அரை டம்ளர் கஞ்சி குடிச்சாரு. மீசையை ஒழுங்கு பண்ணிவிடச் சொல்லி பாக்கியலட்சுமிகிட்ட சண்ட." "இன்னிக்கும் எட்டுதான். ஆனா சி.ஆர்.பி. நாப்பது. கால ஆட்டிப் பயிற்சி பண்ணாரு." "ஒம்போதும்மா." ஒன்பது என்ற நாளில் செல்வாம்பாள் வாய்விட்டுச் சிரித்தாராம். பன்னிரண்டு என்ற நாளில் போனைக் கீழே வைத்துவிட்டு எங்கோ போய்விட்டார், நிலவன்தான் எடுத்து, "அம்மா வெளில நின்னு அழுதுக்கினு இருக்கு, நல்ல அழுகைதான்க்கா" என்றான்.

ஜூன் ஆறாம் தேதி சாமிக்கண்ணுவை அனுப்பினார்கள். இருபத்தாறு நாள் ஆஸ்பத்திரி. லிம்போசைட் இருபத்தொன்று. சக்கர நாற்காலியில் போர்ட்டிகோவுக்கு வந்தவரின் சட்டை தோளில் தொங்கிக்கொண்டிருந்தது, பதினோரு கிலோ இளைத்திருந்தார். செல்வாம்பாள் ஆட்டோவிலிருந்து இறங்கி எதிரே வந்து நின்றார். தொங்கிய சட்டையை அவர் தோளில் இழுத்துவிட்டார். சாமிக்கண்ணுதான் பேச்சை ஆரம்பித்தார்.

"ஆட்டோல ஏறட்டுமா? உன்னைக் கேட்டுட்டு ஏறலாம்னு."

"ரொம்பத்தான்" என்றார் செல்வாம்பாள். நாற்காலியின் பக்கத்தில் குனிந்து அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். "இடுப்பு!" என்று அவர் பதறினார். "சும்மா வாய்யா, நீ புல்லுக்கட்டுல பாதி கூட இல்ல" என்று தூக்கிவிட்டார்.

செப்டம்பரில் மறுபரிசோதனைக்கு இருவரும் ஓ.பி.க்கு வந்தார்கள். கமலவேணியின் ஜன்னல் முன் நின்று யார் முதலில் ரத்தம் கொடுப்பது என்று சண்டை. பின்னால் நின்றவர்கள் எரிச்சல்பட்டார்கள். ஏழு வருடப் பாக்கியைத் தீர்க்கிற மாதிரி பேசினார்கள் என்று கமலவேணி சொன்னார். ஒரு வாக்கியத்தை ஒருவர் ஆரம்பித்தால் மற்றவர் முடிக்க விடுவதில்லை.

கவச உடை இல்லாமல் முகக்கவசம் மட்டும் போட்டிருந்த கமலவேணியைச் செல்வாம்பாள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். சட்டென்று அவர் கன்னத்தைப் பிடித்துக் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தார்.

"வெளுத்துப் போயி இருக்கியே. நீ உனக்கு ரத்தம் பாத்துக்கினியா?"

"எனக்கு எதுக்கும்மா?"

"எப்ப பாத்த கடைசியா?"

கமலவேணிக்கு ஞாபகம் வரவில்லை. சிந்துஜா பிறந்தபோது பார்த்திருக்கலாம். பதினைந்து வருடம். செல்வாம்பாள் ஜன்னலைவிட்டு நகரவில்லை. உள்ளேயிருந்த இராமதாஸைப் பெயர் கேட்டுக் கூப்பிட்டு, "சார், இந்தப் பொண்ணுக்கு எடுங்க, நான் இங்கதான் நிப்பேன்" என்றார். ஆயிரக்கணக்கான பேருக்கு ரத்தம் எடுத்த கமலவேணி நாற்காலியில் உட்கார்ந்து, சிறுபிள்ளை மாதிரி கண்ணை இறுக மூடிக்கொண்டார். "உள்ள போனது தெரிஞ்சுது. இராமதாஸ் அண்ணனுக்குக் கை கனம்" என்று இன்றும் குறை சொல்வார்.

ஹீமோகுளோபின் ஒன்பது புள்ளி ஒன்று. பன்னிரண்டு இருக்க வேண்டியது. மாதக்கணக்காகப் படி ஏறும்போது மூச்சு வாங்கியதைக் கவச உடையின் மேல் பழிபோட்டுக்கொண்டிருந்தார். இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் தெருவில் ஒரு பெரியவர் கையில் பையோடு ஒவ்வொரு வீட்டு வாசலாக நின்று நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். "லேப் கமலவேணி வீடு எதுங்க?" என்று என்னிடம்தான் கேட்டார். காட்டினேன். பையில் முருங்கைக்கீரையும் ஒரு டப்பாவில் எள்ளுருண்டையும் இருந்தன. கதவைத் திறந்த சிந்துஜாவின் கையில் கொடுத்துவிட்டு, "எங்க வீட்டுல குடுத்தனுப்புனாங்க. அம்மாவை உக்கார வெச்சி சாப்பிட வைக்கணுமாம். நாளைக்குக் கேப்பாங்க" என்றார். உள்ளே வந்து உட்காரச் சொன்னதற்கு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, வீட்டில் தேடுவார்கள் என்று சிரித்தார்.

கமலவேணி இன்னும் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறார். காலை ஆறு மணிக்கு ஸ்கூட்டி கிளம்புகிறது. ஹீமோகுளோபின் பதினொன்றரைக்கு வந்துவிட்டது. அதை அவர் என்னிடம் சொன்னது தெருக்குழாயடியில், குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தபடி. "நேத்துதான் செல்வாம்பாள் அம்மாகிட்ட சொன்னேன். இன்னும் அரை வேணும்னு திட்டறாங்க" என்று சொல்லிவிட்டு, வேலைக்கு நேரமாகிறது என்று வேகமாக நடந்தார்.